கொச்சியில் ஆண்டிறுதி வாரம்: சீனவலை, சவிட்டு நாடகம், செல்லானம் கடற்கரை

26 டிசம்பர் 2025, வெள்ளி

எறணாகுளத்தில் ரயிலை விட்டு இறங்கி ஃபோர்ட் கொச்சி போகிறவர்கள் இந்த வாரம் சாலை வழியை மறந்துவிடுவது நல்லது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் தோப்பும்படியைத் தாண்டுவதற்கே பொறுமை தீர்ந்துவிடும். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய துறைக்கு வந்து வாட்டர் மெட்ரோவில் ஏறுங்கள். கட்டணம் 40 ரூபாய். 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிய சேவை இது. ஃபோர்ட் கொச்சித் துறை 2024 ஏப்ரலிலும், மட்டாஞ்சேரி, வெலிங்டன் தீவுத் துறைகள் 2025 அக்டோபரிலும் சேர்ந்தன. படகுகளைக் கட்டுவது கொச்சி கப்பல் கட்டும் தளம். பெரிய படகில் 100 பேர், அதற்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற மாட்டார்கள். துறை மேடை மிதவையாக இருப்பதால் ஓதத்தோடு ஏறி இறங்கும். படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய கையையும் பிடிக்காமல் உள்ளே போய்விடலாம். இந்தியாவில் வேறெந்தப் படகுத்துறையிலும் இதை எளிதில் எதிர்பார்க்க முடியாது.

சிக்கல் திரும்பும்போதுதான். மாலை ஆறு மணிக்கு மேல் ஃபோர்ட் கொச்சித் துறையில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். அப்போது ரோ-ரோவில் எதிர்க்கரையான வைப்பினுக்குக் கடந்து, அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வாட்டர் மெட்ரோ பிடிப்பது பெரும்பாலும் விரைவாக முடியும். வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் இந்த ரோ-ரோ 2018-இல் வந்தது. கொச்சி மாநகராட்சிக்குச் சொந்தமான இரண்டு கலங்கள் அவை. ஒன்று பழுது பார்க்கப் போய்விட்டால் மற்றொன்றுதான் இரு கரைக்கும் ஓட வேண்டும், வரிசை இரட்டிக்கும். இந்த மாதம் 9-ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல் நடந்து, 13-ஆம் தேதி முடிவு வந்து, ஐக்கிய ஜனநாயக முன்னணி மாநகராட்சியைப் பிடித்தது. இன்று மேயர் தேர்வு. தேநீர்க் கடைப் பேச்சில் கட்சிக்கு இணையாக ரோ-ரோவும் கொசுவும் அடிபடுவதை ஊரின் நிஜமான செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனையும் யூதர் தெருவின் பரதேசி சினகாக் என்ற யூத வழிபாட்டிடமும் மூடியிருக்கும். ஆகவே இன்று கடற்கரைப் பக்கம்.

சீனவலைகளைப் பார்ப்பதென்றால் சூரியன் மறையும்போது படம் பிடித்துவிட்டுப் போவது என்றாகிவிட்டது. அது வேலை செய்யும் விதத்தைக் காலையில் வந்து பார்க்க வேண்டும். கரையில் அடிமரம் கீல்போல் ஊன்றியிருக்கும். அதன்மேல் சாய்ந்து நீருக்கு மேலே நீளும் கை மரம். கையின் நுனியில் வளைந்த நான்கு கழிகள் கூடுகின்றன. கழிகளின் கீழ்முனைகளில் வலையின் நான்கு மூலைகள் கட்டப்பட்டிருக்கும். மொத்த அமைப்பு பத்து மீட்டருக்குக் குறையாத உயரம், விரிந்த வலை ஏறத்தாழ இருபது மீட்டர் அகலம். கரைப் பக்கம் கயிறுகளில் பாறைக் கற்கள் வரிசையாகத் தொங்கும். இந்தக் கற்கள்தான் எல்லாம். நம் ஊரில் ஏற்றம் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: எடை கச்சிதமாகச் சமன்செய்யப்பட்டிருப்பதால், ஒருவர் கை மரத்தின்மேல் நடந்து போனாலே போதும், வலை தானாக நீருக்குள் இறங்கும். தூக்குவதற்கு நாலைந்து பேர் கயிற்றை இழுக்க வேண்டும். வலை ஏற ஏற, நீளம் வேறுவேறான கயிறுகளில் தொங்கும் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் அமரும். தொடக்கத்தில் நீரோடு சேர்ந்த பாரம் மிகுதி, அப்போது எல்லாக் கற்களும் உதவுகின்றன. நீர் வடிந்து வலை இலேசானதும் கற்களின் பாரமும் படிப்படியாகக் குறைகிறது. வலை சட்டென்று மேலே துள்ளாமல் இருப்பது இதனால்தான்.

வலை நீருக்குள் சில நிமிடங்களே இருக்கும். கொச்சியில் ஓத வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான்; ஆனால் காயலின் வாயில் அதுவே பலத்த இழுப்பை உண்டாக்கும். இழுப்பு முழு வேகத்தில் இருக்கும்போது வலை பை போலப் புடைத்து ஒரு பக்கம் சாயும், மீன் நழுவும். ஓதம் திரும்பும் நேரத்தையொட்டி வந்தால் வேலை மும்முரமாக இருக்கும். மடவை, கரிமீன், இறால், நண்டு கிடைக்கும். பல இழுப்புகளில் கைப்பிடி மீன்கூடத் தேறாது.

மழைக்காலம் முடிந்து நன்னீர் இறங்கும் மாதங்களில் ஆகாயத்தாமரை மொத்தமாக வந்து வலையில் ஏறிக்கொள்ளும். அந்தப் பாரத்தில் கழி முறியும். மற்ற நாள்களில் பிளாஸ்டிக். தேக்கு மரம் விலை ஏறியதால் பல வலைகளில் இரும்புக் குழாய் வந்துவிட்டது. உப்புக் காற்றில் குழாய் துருப்பிடிப்பது ஒரு பக்கம். மரத்தின் நெகிழ்வு இல்லாததால் அதிர்ச்சி முழுவதும் கட்டுகளில் விழுவது இன்னொரு பக்கம். சுற்றுலாப் படங்களில் கொச்சியின் முகமே இந்த வலைகள்தான்; அவற்றைப் பழுதுபார்க்கும் செலவோ பெரும்பாலும் உரிமையாளரின் தலையில். இழுக்க உங்களை அழைத்தால் போங்கள், பிறகு பணம் கொடுங்கள். இன்றைக்கு அவர்களுடைய வருமானத்தில் மீனை நம்பிய பங்கு குறைவு.

மாலையில் கதகளி. ஃபோர்ட் கொச்சி மையங்களில் ஆட்டம் ஆறு மணிக்கு, ஒப்பனை ஐந்து மணிக்கே பார்வைக்குத் திறந்துவிடும். ஐந்துக்கே போங்கள். மனயோலைத் தாதுவின் மஞ்சளும் நீலமும் குழைந்தால் பச்சை, சாயில்யம் என்ற சாதிலிங்கத்தில் சிவப்பு, எல்லாம் தேங்காயெண்ணெயில் அரைபடும். நடிகர் தரையில் மல்லாந்து படுத்திருக்க, சுட்டி குத்துபவர் அரிசி மாவும் சுண்ணாம்பும் சேர்ந்த பசையால் தாடையோரம் வெள்ளை விளிம்பை எழுப்புவார். பழைய முறையில் அடுக்கடுக்காகப் பசை மட்டுமே. இப்போது பசையில் பதித்த காகிதம் வெட்டி வைக்கிறார்கள். பசை நீர்த்திருந்தால் விளிம்பு தொங்கும். கெட்டியாக இருந்தால் ஆட்டத்தின் நடுவே வெடிக்கும். கண் சிவக்க, சுண்டைப் பூவிலிருந்து எடுத்த சிறு விதை போன்ற பகுதியைக் கீழ் இமைக்குள் வைப்பார்கள். இந்த ஒரு மணி நேர ஆட்டம் அறிமுகத்துக்குப் போதும். முழு இரவுக் கதகளி வேண்டுபவர்கள் நவம்பர், டிசம்பரில் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் எட்டு நாள் விருச்சிகோத்ஸவத்துக்குத் தேதி பார்த்து வர வேண்டும்.

27 டிசம்பர், சனி

பியனாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சியின் அரங்குகள் காலை பத்துக்குத் திறக்கும். அதற்கு முன் ஃபோர்ட் கொச்சியின் வேளி பக்கம் இருக்கும் தோபிகானா என்ற சலவைக்கூடத்துக்குப் போய்விடுங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்புகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே வேலை செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-இல் வந்தது. ஏறத்தாழ நாற்பது துவைப்புத் தொட்டிகள். நீங்கள் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும்.

உலர்த்தும் களத்தில் ஒரு கிளிப்கூடக் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். துணியின் மூலையை முறுக்குக்குள் செருகினால் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது, துருக்கறையும் படியாது. கஞ்சி போட அரிசிக் கஞ்சித் தண்ணீர். தேய்க்கச் சிரட்டைக் கரி நிரப்பிய கனத்த பெட்டிகளும் மின்சாரப் பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில். கனம் கூடிய பெட்டியைத் தள்ளும் கைகளுக்கு அடுத்த தலைமுறை வரத் தயங்குகிறது, துவைப்பு இயந்திரம் வைத்த விடுதிகளும் பெருகிவிட்டன. முடிந்தால் தங்கும் நாள்களின் துணியை இங்கே கொடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

இனி பியனாலே. கொச்சி-முசிறி பியனாலேயின் முதல் பதிப்பு 12.12.2012 அன்று தொடங்கியது, அதை நிறுவியவர்கள் கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும். இந்த ஆறாம் பதிப்பைத் தொகுத்திருப்பவர் நிகில் சோப்ரா, கோவாவின் எச்.எச். ஆர்ட் ஸ்பேசஸ் குழுவோடு சேர்ந்து. 2026 மார்ச் 31 வரை நடக்கிறது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பின்வால் ஹவுஸில் தொடங்கிப் பெப்பர் ஹவுஸ் வழியாக கல்வத்திச் சாலையில் மட்டாஞ்சேரி கிடங்குகளுக்கு நடப்பது ஒரு நாள். வெலிங்டன் தீவின் ஐலண்ட் வேர்ஹவுஸும் எறணாகுளத்தின் தர்பார் ஹாலும் வேறொரு நாள். தீவுக்குப் போக வாட்டர் மெட்ரோவே வசதி.

இந்தக் கிடங்குகள் மிளகும் சுக்கும் கயிறும் அடுக்க எழுந்தவை. செம்பாறைக் கல், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை. சுவர் காயலின் ஈரத்தை உறிஞ்சி உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நேராகச் சுவரில் படம் மாட்டினால் சில வாரத்தில் பின்பக்கம் பூசணம் பூக்கும். அதனால்தான் பல இடங்களில் சுவரைத் தொடாத தனித் தட்டிகளைப் பார்க்கிறீர்கள். காகித அச்சுகள் சுருளும். வீடியோக் கருவிகள் ஈரத்திலும் மின்தடையிலும் நின்றுபோகும். ஓர் அறை இருட்டாகக் கிடந்தால் காவலரிடம் கேளுங்கள், மறுநாள் சரியாகியிருக்கலாம். 2022-இல் மொத்தத் திறப்புமே டிசம்பர் 12-இலிருந்து 23-க்குத் தள்ளிப்போனது. இவ்வளவு சிரமத்திலும் கிடங்குகளை விட்டு நவீன அரங்கத்துக்குப் போய்விட்டால் பியனாலே தன் உயிரை இழக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். கானா நாட்டுக் கலைஞர் இப்ராகிம் மகாமா ஆனந்த் வேர்ஹவுஸில் சாக்குகளால் சுவர்களை மூடி, பழைய நாற்காலிகளைப் போட்டு எழுப்பியிருக்கும் சபைக் கூடம் அதற்குச் சான்று. சாக்குச் சுமை ஏறி இறங்கிய தெருவிலேயே அந்தச் சாக்குகள் பேசுகின்றன. குளிரூட்டிய கூடத்தில் அவை வெறும் துணியாகிவிடும்.

நடைமுறைக்கு: நீர்ப்புட்டி, தொப்பி, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு. நீண்ட வீடியோக்களின் நேரத்தை வாசலிலேயே பார்த்துக்கொண்டு எவற்றில் உட்காருவது என்று முடிவு செய்யுங்கள். மாணவர் பியனாலேயை விட்டுவிடாதீர்கள். நாடெங்கிலும் உள்ள கலைக் கல்லூரி மாணவர்களின் வேலைகள் அங்கே இருக்கும், கூட்டமும் குறைவு.

28 டிசம்பர், ஞாயிறு

மட்டாஞ்சேரி. அரண்மனையைப் போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் பின்னர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர். உள்ளே இராமாயணச் சுவரோவியங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, வெளிச்சமும் குறைவு. கண் பழக இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் பாருங்கள். பரதேசி சினகாக் 1568-ஆம் ஆண்டுக் கட்டடம். காலணியைக் கழற்ற வேண்டும். தரையில் பதித்த சீனத்து ஓடுகள் கையால் வரைந்தவை என்பதால் ஒன்று போல் மற்றொன்று இல்லை.

யூதர் தெருவின் பழம்பொருள் கடைகளில் நேரம் போவது தெரியாது. ஆனால் அங்கே ‘பழமை’ என்று விற்பதில் நிறையவும் புதிதாகச் செய்து பழையதாக்கியவை. நறுமணப் பொருள்களை வாங்க உள் தெருவின் மொத்தக் கடைகளுக்குப் போங்கள். மிளகை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள்: சாயம் ஒட்டக்கூடாது, நசுக்கினால் காரம் மூக்கில் ஏற வேண்டும். சுக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் அது சுண்ணாம்புப் பூச்சு.

இந்தச் சின்ன நிலப்பரப்பில் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தக்கனியும் தமிழும் மலையாளத்தோடு சேர்ந்து ஒலிக்கின்றன. கல்யாண வீடுகளில் இரவு முழுக்க ஆர்மோனியத்தோடு பாடும் மட்டாஞ்சேரி வழக்கத்திலிருந்துதான் மெஹ்பூப் போன்ற பாடகர் எழுந்தார். அந்த மெஹ்ஃபில்கள் இன்றும் நடக்கின்றன. பெரும்பாலும் சுவரொட்டி இராது, கடைகளில் விசாரித்தால் தெரியும்.

ஃபோர்ட் கொச்சி பேக்கரிகளில் திராட்சை போட்ட ப்ரூதர் ரொட்டி கேட்டுப் பாருங்கள். டச்சு மிச்சம். இலங்கையில் பறங்கியர் கிறிஸ்துமஸுக்குச் செய்வதும் இதே வகைதான்.

29 டிசம்பர், திங்கள்

வடக்கே, சேந்தமங்கலமும் கோதுருத்தும். எறணாகுளத்திலிருந்து வடக்கு பறவூருக்குப் பேருந்து, அங்கிருந்து ஆட்டோ. பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே இருக்கும் தீவுகள் இவை. பறவூருக்கு அருகேயுள்ள பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. சங்கப் பாடல்களின் முசிறி இதைச் சுற்றித்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

சேந்தமங்கலம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் தறிக்குழிகளுக்குள் புகுந்து, ஓணத்துக்குத் தயாராக இருந்த வேட்டி சேலைகளைச் சேற்றில் தோய்த்துவிட்டது. எரிக்க வேண்டியிருந்த அந்தத் துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டுச் சுத்தம் செய்து, வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும் சமூகத் தொழில்முனைவோர் கோபிநாத் பாறயிலும் பொம்மைகள் செய்யவைத்தார்கள். பொம்மைக்குப் பெயர், சேற்றுக்குட்டி என்பதிலிருந்து சேக்குட்டி. கணக்கு இதுதான்: 1,300 ரூபாய்க்கு விற்றிருக்க வேண்டிய ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள், ஒன்று 25 ரூபாய், ஆக 9,000 ரூபாய். பணம் நெசவாளர் சங்கத்துக்குப் போனது. கறை போகாத துணியே அதன் அடையாளமானது. இப்போது தறிகள் ஓடுகின்றன. தறிக்காரர்களிடமே வாங்குகிறவர்கள் கரையைத் திருப்பிப் பாருங்கள். கைத்தறியில் ஊடிழை ஓரத்தில் திரும்பும் இடம் சிறிது ஒழுங்கற்றிருக்கும், விசைத்தறியில் ஒரே சீராக வெட்டினாற்போல் இருக்கும்.

கோதுருத்து சவிட்டு நாடகத்தின் ஊர், சவிட்டு என்றால் மிதி. கடற்கரை லத்தீன் கத்தோலிக்கரின் கலை இது. காறல்மான் சரிதம் இதன் பெரிய நாடகம்: ஐரோப்பியப் பேரரசன் சார்லமேனும் அவனுடைய பன்னிரண்டு வீரர்களும். சின்னத்தம்பி அண்ணாவி எழுதியது என்பது மரபு. பழைய ஏடுகளின் மொழியில் தமிழ் நிறைந்திருப்பதால், மெதுவாகப் பாடும்போது தமிழ்க் காதுக்குப் பல வரிகள் நேரடியாகப் புரியும். பயிற்றுவிக்கும் ஆசானை அண்ணாவி என்பார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் நாட்டுக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இங்கே அந்நியமாக எதுவும் தோன்றாது.

நடிகரே பாடவும் வேண்டும், தாளத்துக்கு மிதிக்கவும் வேண்டும். மிதியின் ஓசைதான் நாடகத்தின் நெஞ்சு. அதற்காகத்தான் மேடை மரப்பலகையில். பலகைக்கு அடியில் வெற்றிடம் இருந்தால்தான் ஓசை முழங்கும். இன்று பல ஊர்களில் பள்ளி, மண்டபத்தின் சிமெண்ட் மேடையில் ஆடச் சொல்கிறார்கள். அங்கே மிதி அடி செத்துப்போகும், கேட்கவில்லையே என்று நடிகர் இன்னும் ஓங்கி மிதிப்பார், முழங்காலும் குதிகாலும் போகும். சிமெண்ட் மேடைமீது சட்டம் அடித்துப் பலகை பாவினால் போதும், பெரிய செலவில்லை. ஆனால் பலகைகளைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் அது தனியாகக் கலகலத்துத் தாளத்தைக் குலைக்கும். ஒலிவாங்கியைப் பாடுபவர் வாயருகே மட்டும் வைத்தால் மிதி கேட்காது; மேடைக்கு அடியிலும் ஒன்று வேண்டும்.

வெல்வெட், கண்ணாடி மணி, தங்கத்தாள் கிரீடம், முழங்கால் வரை காலுறை என உடுப்பு எடை கூடியது. ஒத்திகையை இலேசான உடையில் முடித்துவிட்டு அரங்கேற்ற நாளில் முதன்முறை முழு உடுப்பு போட்டால் மூச்சு முட்டும், பாட்டின் சுருதி இறங்கும். நல்ல ஆசான்கள் கடைசி வாரங்களில் உடுப்போடுதான் பழக்குவார்கள். முன்பு காறல்மான் பல இரவுகள் தொடர்ந்து நடந்தது. மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் சவிட்டு நாடகம் சேர்ந்தபிறகு பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், நாடகம் நிமிடங்களாகச் சுருங்கியது. போர்க் காட்சி தங்கும், கட்டியங்காரனின் கோமாளித்தனம் முதலில் வெட்டுப்படும். அவன்தானே கதையைச் சபைக்கு விளக்குகிறவன். அவனைத் திரும்பக் கொண்டுவரும் முழுநீள நாடகங்களை ஊர்ப் பெருநாள்களில் தேடிப் போங்கள்.

30 டிசம்பர், செவ்வாய்

காலை செல்லானம். தோப்பும்படியிலிருந்து தெற்கே போகும் பேருந்து, இடது பக்கம் காயல், வலது பக்கம் கடல். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புத்தன்தோடு வரை 7.36 கிலோமீட்டர் நீளத்துக்கு டெட்ராபாட் தடுப்பு. நான்கு கால் கொண்ட கான்கிரீட் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், இடைவெளிகளில் அலை புகுந்து வேகம் இழக்கும். பழைய கருங்கல் சுவரில் அலை நேராக மோதி, அடி மணலை அரித்து, சுவரையே புதைத்தது. தடுப்பு வந்த பகுதியில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் கடல் வருவது பெரிதும் நின்றது. அது முடியும் இடத்துக்கு வடக்கே கண்ணமாலி, செறியகடவு மக்களுக்கு அந்த நிம்மதி கிட்டவில்லை. சுவர் முடியும் முனையை அடுத்துள்ள கரையில் அரிப்பு கூடுவது கடலோரப் பொறியியலில் தெரிந்த விஷயம். மீதிக் கரைக்கும் தடுப்பு கேட்டு அவர்கள் தொடர்ந்து போராடுகிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது.

இந்த ஆண்டின் பெரிய கடல் செய்தி எம்.எஸ்.சி. எல்சா 3. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்த சரக்குக் கப்பல் மே 24 அன்று சாய்ந்து, மறுநாள் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. ஊழியர் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். 13 பெட்டகங்களில் அபாயகரமான சரக்கு, அதில் 12-இல் கால்சியம் கார்பைடு. பருப்பளவு பிளாஸ்டிக் மணிகள் தெற்கே கொல்லம், திருவனந்தபுரம் கடந்து கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. அவற்றை அள்ளுவதில் உள்ள கஷ்டம் என்னவென்றால், மணலோடு கலந்தபின் சல்லடையில் சலித்துத்தான் பிரிக்க வேண்டும். இயந்திரம் விட்டால் கரையின் மணலும் போய்விடும். ஒரு முறை சுத்தமான கரையில் அடுத்த பெரிய அலை மீண்டும் கொண்டுவந்து கொட்டும். மீன் தின்னலாமா என்ற பயம் சந்தை விலையைச் சரித்த அதே நேரத்தில், ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாள் விசைப்படகுத் தடையும் வந்தது. மாநில அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் சென்றுள்ளது.

பிற்பகல் ஃபோர்ட் கொச்சிக்குத் திரும்பினால் தெருவுக்குத் தெரு பாப்பாஞ்ஞி. கழியும் ஆண்டைக் கிழவனாக்கி 31 நள்ளிரவில் எரிப்பது 1984-இல் தொடங்கிய கொச்சின் கார்னிவலின் உச்சம். இரும்புச் சட்டம், அதைச் சுற்றி வைக்கோல், சாக்கு, மேலே கோட்டும் தாடியும். பெரியவை ஐம்பது அடியைத் தொடும். வைக்கோல் இறுகத் திணிக்கப்பட்டால் காற்றில்லாமல் புகைந்துகொண்டே நிற்கும். தளர்வாக இருந்தால் கணத்தில் எரிந்து பறக்கும் சாம்பல் கூட்டத்தின்மேல் விழும். 2024-இல் வேளி மைதானத்துக்கு அனுமதி தந்தபோது உயர் நீதிமன்றம் 72 அடி தூரத்தில் தடுப்பு கட்டச் சொன்னதன் காரணம் இதுவே. வேளியில் நட்சத்திரங்கள் தொங்கும் பெரிய மழைமரத்தை இன்று இரவே பார்த்துவிடுங்கள்.

நாளை வருகிறவர்களுக்கு: பிற்பகலுக்கு முன் ஊருக்குள் வந்துவிட வேண்டும், பிறகு வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள். குழந்தைகளோடு வருபவர்கள் மைதானத்தின் நடுவுக்குப் போகாமல் வெளியேறும் தெரு ஓரமாகவே நில்லுங்கள். படகு, ரோ-ரோ கடைசி நேரத்தைத் துறையில் இறங்கும்போதே கேளுங்கள், அன்றைக்கு அட்டவணை மாறும். தீ அணைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள். ஊரில் அறை கிடைத்தால் தங்கி, ஜனவரி 1 பிற்பகல் வேளியிலிருந்து பரேட் மைதானத்துக்கு வரும் ஊர்வலத்தைப் பார்க்கலாம். வேளி முனையில் நின்றால் வேடக்காரர்களைக் களைப்பில்லாமல், ஒப்பனை கலையாமல் பார்க்க முடியும்.